அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அப்பால்

மகனே, உனக்கு என் ஸலாம். புது வீட்டில் சூட்கேஸைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போது அடியில் பாரமாக ஏதோ தட்டுப்பட்டிருக்கும். உம்மா வழக்கம்போலக் கருவாடோ ஊறுகாய்ப் போத்தலோ கட்டி வைத்துவிட்டாள் என்று நினைத்திருப்பாய். அது உன் புத்தகம். வாப்பா ‘செங்கல்’ என்று பெயர் வைத்தாரே, அதே தடிப்புத்தகம்தான். அதைத் தொடுவதற்கு முன் இந்தக் கடிதத்தை வாசித்துவிடு. நாளைக்கு உனக்கு நிக்காஹ். முடிந்த கையோடு, எங்கள் வழக்கப்படி நீ பெண்வீட்டுக்குப் போய்விடுவாய். எங்கள் மறிச்சுக்கட்டியிலிருந்து பாலம் தாண்டி, பெண்வீடு இருக்கும் தீவுக்குப் போக ஒரு பஸ் பயணம்தான், கடல் கடந்து போகவில்லை என்று எல்லோருக்கும் நானே சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் இன்று வீடு நிறைய ஆட்கள். உன்னோடு தனியாக ஒரு சொல் பேச மூலை முடுக்கு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடக்கி வைக்க என்னால் முடியவில்லை. அந்தப் புத்தகத்தை நான் வாசித்து முடித்துவிட்டேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, ஆயிரத்து நாற்பத்தெட்டுப் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட உன் உம்மாதான், வேறு யாருமில்லை.

சிரிக்காதே. அல்லது நன்றாகச் சிரித்துவிட்டுத் தொடர்ந்து வாசி. அந்தப் புத்தகம் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். ஏழு நாடு, எழுபது எண்பது ஆட்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர், பேசும் மலை, நெருப்புக் கக்கும் மிருகம், நடுவில் எவனோ எழுதி வைத்த பழைய பாட்டுகள். தமிழ்த்தினப் போட்டியில் பரிசாகக் கிடைத்த நாளிலிருந்து நீ அதைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தாய். நான் மா அரிக்கும்போது பக்கத்தில் வந்து குந்தியிருந்து கதை சொல்வாய். “உம்மா, இண்டைக்கு அந்தத் தளபதி தோருகன் காட்டிக் குடுத்திட்டான்” என்பாய். யார் அவன், யாரைக் காட்டிக் கொடுத்தான் என்று எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். உன் முகத்தைப் பார்ப்பதற்காகவே கேட்பேன். அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பிறகு நான்தான் அணைத்தேன். அதை நீ மறந்திருக்கலாம், அல்லது மறந்ததுபோல இருக்கலாம். நான் மறக்கவில்லை.

நீ ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம். பௌதிகப் புத்தகத்தை விரித்து வைத்து அதற்குள்ளே இந்தச் செங்கலை வைத்து வாசித்துக்கொண்டிருந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்தேன். பறித்தேன். “பொய்க்கதை படிச்சு என்ன கிடைக்கப் போகுது?” என்று கத்தினேன். அலுமாரியில் என் கலியாணச் சாரிக்கு அடியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். நீ சண்டை பிடிக்கவில்லை. “எப்ப தருவீங்கள் உம்மா?” என்று மட்டும் கேட்டாய். “பிறகு தாறன்” என்றேன். அந்தப் ‘பிறகு’ பரீட்சை முடிந்த அன்றைக்கு வந்திருக்க வேண்டும். நான் வர விடவில்லை. பெறுபேறு வரட்டும் என்று இழுத்தேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து எடுத்துக் கொடுத்தபோது நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாய். “வேண்டாம் உம்மா. ஆரார் எங்க நிண்டவங்கள் எண்டே மறந்து போச்சு.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ ஒரு கதைப்புத்தகம் தொட்டு நான் காணவில்லை. நல்ல பிள்ளையாகப் படித்தாய், கந்தோர் வேலைக்குப் போனாய், வீட்டுக்கு வேண்டியதெல்லாம் செய்தாய். மா அரிக்கும்போது மட்டும் என் பக்கத்தில் யாரும் வந்து குந்தவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், பயம். எங்கள் சனம் முழுவதையும் ஊரை விட்டு விரட்டியபோது எனக்குப் பதினொரு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டகைப் பள்ளிக்கூடம், அதிலும் எட்டாம் வகுப்போடு நின்றேன். தையல் பழகப் போய்ப் பாதியில் நின்றேன். திரும்பி வந்து கட்டிய வீட்டுக்குப் பின்சுவர் பூசப் பத்து வருடம் எடுத்தது. உன் வாப்பாவின் ஆட்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் உனக்குத் தெரியும், ‘அரைவாசி’. சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள், நானும் சிரிப்பேன். உள்ளே சுடும். என் பிள்ளையும் எதையாவது பாதியில் விட்டுவிடக் கூடாது என்று பயந்து பயந்து, நீ பாதியில் வைத்திருந்த ஒன்றை நானே பிடுங்கிப் பூட்டி வைத்தேன். இதைவிட மடத்தனம் உண்டா?

கலியாணம் பேசி முடிந்ததும் அலுமாரியைத் துப்புரவாக்கினேன். நீ வேண்டாம் என்றதும் நான் திரும்ப வைத்த இடத்தில் செங்கல் இருந்தது. திறந்தால் அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட். நீ நின்ற இடம். அந்தப் பக்கத்தை மட்டும் வாசித்துப் பார்த்தேன். குதிரைக்காரனின் மகள் நேமி, மழையில் நனைந்துகொண்டு, ஒரு கோட்டைக் கதவைத் தட்டக் கையை ஓங்கியபடி நிற்கிறாள். ஏழு வருடமாக அந்தப் பிள்ளை ஓங்கிய கையோடு நிற்கிறாள், என்னால். அங்கேயே தீர்மானித்தேன். காலபோக நெல் அறுவடை முடிந்துதான் கலியாணம். அதற்குள் இதை முடித்து, முடித்த வாயால் உன்னிடம் மன்னிப்புக் கேட்பது என்று.

தீர்மானிப்பது லேசு. வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. எனக்கு வாசிக்கக் கற்றுத் தந்தது பள்ளிக்கூடத்தைவிட ஓதித் தந்த லெப்பைதான். குர்ஆனை எப்படி ஓதுவோம்? வாய்விட்டு, விரல் வைத்து, ஒரு எழுத்தும் விடாமல். பிழைத்தால் திரும்ப முதலிலிருந்து. எனக்குத் தெரிந்த வாசிப்பு அது ஒன்றுதான், அதையே இந்தக் கதைப்புத்தகத்திலும் செய்தேன். அட்டைக்குப் பின்னால் அச்சடித்தவரின் விலாசத்தில் தொடங்கி, தேசப்படத்தில் இருந்த ஆற்றுப் பெயர் ஒவ்வொன்றையும் விரல் வைத்து வாசித்தேன். ஆள் யாரென்று விளங்காவிட்டால், நிறுத்தித் திரும்ப முதலாம் பக்கம். ஒன்பதாம் பக்கத்தில் கிழட்டு ராசா ஒருவர் சாகிறார், நினைவிருக்கிறதா? மாரி தொடங்கி ஒரு மாதத்துக்குள் அவர் எங்கள் வீட்டில் நாலு தரம் செத்தார். உன் வாப்பா வயலால் வந்து மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் கேட்பார், “என்ன, ராசா இண்டைக்கும் போயிட்டாரா? பாவம் அந்த மனிசன், ஒருக்காவாவது நிம்மதியாச் சாக விடன்.”

நாலாவது தரம் நூற்று நாற்பதாம் பக்கம் வரை போனேன். அதிலே ஒரு சபை கூடுகிறது. ஒரே பக்கத்தில் பத்தொன்பது பெயர். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எரிச்சலில்தான். என்னால் ஏலாது, நான் அரைவாசிதான், அவர்கள் சொன்னது சரி என்று புத்தகத்தைக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பூட்டிய சத்தம் கேட்டதும் அப்படியே நின்றேன், மகனே. ஏழு வருடத்துக்கு முன்னால் நீ கதவடியில் நின்று கேட்ட சத்தம் அது. அன்றைக்கு அது எனக்குக் கேட்கவில்லை. இந்தமுறை கேட்டது. திரும்ப எடுக்கவும் துணிவில்லை, உள்ளே விட்டுவிடவும் மனமில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து உன் ரிஸ்னா போன் எடுத்தாள். எங்கள் பக்கத்தில் எத்தனை குடும்பத்துக்குச் சொல்வது என்று பட்டியல் கேட்டாள். என் குரல் ஒரு மாதிரி இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். “என்ன மாமி, சுகமில்லையா?” எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாப்பிள்ளையின் தாய் மருமகளாக வரப்போகிறவளிடம் சொல்லக்கூடிய கதையா இது? அவள் சிரிக்கவில்லை. “மாமி, ஒண்டு சொல்லட்டா? விளங்காத இடத்தில நிக்காதீங்கோ. தாண்டிப் போங்கோ. பின்னுக்கு அது தானா விளங்கும். திரும்ப முதல்ல இருந்து மட்டும் தொடங்காதீங்கோ” என்றாள். “அப்பிடி ஒரு எழுத்து விட்டாலும் குற்றமில்லையா?” என்று கேட்டேன். “கதைக்கு ஒரு குற்றமும் இல்லை மாமி” என்றாள். நாற்பத்தாறு வயதில் எனக்கு அது புதுச் செய்தி.

போனை வைத்துவிட்டு அவள் கேட்ட பட்டியலை எழுத இருந்தேன். ஊரில் எந்தக் கலியாணத்துக்கும் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று என்னிடம்தானே வருவார்கள். எந்த வீட்டில் யார், யாருக்கு யார் மச்சான், யார் யாரோடு கதையில்லை, யாரையும் யாரையும் ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட இருத்தக் கூடாது, எல்லாம் என் விரல் நுனியில். முந்நூறு வீடு, ஒரு பெயர் பிசகாமல். எழுதிக்கொண்டிருந்தவள் பேனையை வைத்துவிட்டேன். முந்நூறு வீட்டைத் தலையில் வைத்திருப்பவளுக்கு எழுபது பேர் ஒரு கணக்கா? அலுமாரியைத் திறந்தேன். பட்டியல் எழுதிய கொப்பியிலேயே மறுபக்கத்தைப் பிரட்டி, அந்தப் பத்தொன்பது பேரையும் கலியாண வீட்டுக்குச் சொல்வதுபோல வீடு வீடாக எழுதினேன். செத்த ராசா வீடு: மூத்த தாரத்துப் பிள்ளைகள் இரண்டு, இளைய தாரத்துக்கு ஒன்று. தோருகன் வீடு: ராசாவுக்கு மச்சான் முறை, ஆனால் காணித் தகராறு. அந்தச் சூனியக்காரிக்குப் பிள்ளை குட்டி இல்லை, தம்பியின் பிள்ளையை எடுத்து வளர்த்தவள், அதுதான் அவளுக்கு அந்தக் கோபம். சத்தியமாகச் சொல்கிறேன், எழுதி முடித்தபோது எழுதியவனுக்கே தெரியாத சங்கதியெல்லாம் எனக்குத் தெரிந்தது. அந்தச் சபையில் நீ சொன்ன தோருகன் யாரைக் காட்டிக் கொடுப்பான் என்று இருநூறு பக்கத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். அந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தியிருக்கிறார்கள், வேறென்ன நடக்கும்?

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. நீ கந்தோருக்கும் வாப்பா வயலுக்கும் போனதும் சோற்றை இறக்கிவிட்டு ஒரு மணித்தியாலம், அசர் தொழுதுவிட்டு ஒரு மணித்தியாலம். மழை பெய்து வெளியில் கால் வைக்க முடியாத நாள்களில் இன்னும் கூட. புதிதாக வந்த ஆட்களையெல்லாம் கொப்பியில் சேர்த்துக்கொண்டு, பழைய பாட்டுகளைத் தாண்டிப் போனேன். மலை பேசும் இடத்தில் கொஞ்சம் தாண்டினேன், அந்த மலைக்கு வாய் நீளம். ஒரேயொரு சங்கடம் நடந்தது, அதையும் சொல்கிறேன். வாப்பா அழைப்புச் சொல்லக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு இலுப்பைக்கடவையில் இருக்கும் தன் கூட்டாளிமாரிடம் போனார். போன இடத்திலிருந்து எனக்குப் போன். “இஞ்ச பார், இந்தத் தோருகன் எந்த ஊர்? ஒரு சனத்துக்கும் தெரியாதாம். எங்கட ஆளா, வேற ஆளா?” கொப்பியைப் பின்பக்கத்தால் திறந்திருக்கிறார். “அவனுக்குச் சொல்லாதீங்கோ, துரோகி” என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனிதர் முதல் கேட்டது சாப்பாடு இல்லை. “அவன் என்ன துரோகம் செய்தவன்?” அன்றிலிருந்து நான் வாசிக்கும்போது அவருக்கும் பக்கத்தில் ஏதாவது திருத்த வேலை வந்துவிடும். ஒரே மண்வெட்டிப் பிடியை மூன்று நாள் இழைத்தார்.

மாசி பிறந்த ஒரு காலையில் உன் பஸ் டிக்கெட்டுக்கு வந்து சேர்ந்தேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அதுவரைக்கும் நீ நடந்த வழியில்தான் நானும் நடந்தேன், அங்கங்கே உன் பென்சில் கோடு இருந்தது. அதற்கு அப்பால் ஒரு கோடும் இல்லை. எங்கள் வீட்டில் யாருமே போகாத இடம். டிக்கெட்டை அசைக்காமல் பக்கத்தைப் புரட்டினேன். என் வாழ்க்கையில் நான் பாதியைத் தாண்டிய முதல் பொருள் அதுதான் என்று அப்போது நினைத்தேன், பெருமையாக இருந்தது, அதே நேரம் உன்னை விட்டுவிட்டுப் போகிறேனே என்று அழுகையும் வந்தது.

முடித்தது போன வியாழக்கிழமை, வயலில் கடைசித் துண்டு வெட்டின அதே நாள். கடைசி வரியை வாய்விட்டு வாசித்தேன், லெப்பை இருந்து கேட்பதுபோல. பிறகு எழும்பி என்ன செய்வது என்று தெரியாமல் முற்றத்துக்கு வந்து, உள்ளே போய், திரும்ப வெளியே வந்தேன். சின்ன வயதில் குர்ஆன் ஓதி முடிக்கிற பிள்ளைக்கு வீட்டில் இனிப்புச் செய்து கொடுப்பார்கள். ஊரை விட்டுப் போன அலைச்சலில் எனக்கு அது கிடைக்கவில்லை. அல்லாஹ்வின் வேதத்தோடு இதை வைத்துப் பேசவில்லை, அவன் மன்னிப்பான். ஆனால் முடித்த கைக்கு ஒரு இனிப்பு வேண்டியிருந்தது. முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் இருந்தது, வட்டிலப்பம் அவித்தேன். அக்கம் பக்கத்துக்கெல்லாம் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ஹபீபா மச்சி கோப்பையை வாங்கிக்கொண்டு, இறந்தவருக்கு ஓதிக் கொடுக்கிற இனிப்பென்று நினைத்து, முகத்தைத் துக்கமாக வைத்துக் கேட்டாள், “ஆருக்கு மச்சி கத்தம்?” உன் வாப்பா முந்திக்கொண்டார். “எங்கட வீட்டில ஒரு ராசா நாலு தரம் மௌத்தானவர். அவருக்குத்தான்.” அவள் விழித்த விழியைப் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் முற்றத்தில் நின்று சிரித்த சிரிப்பு, கலியாணம் முடித்த காலத்துக்குப் பிறகு சிரித்தோமோ தெரியாது. சிரித்து முடிய அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார், “ஆயிரம் பக்கத்துப் புத்தகம் ஒண்டு முடிச்சிருக்கிறா. இனி ஒருத்தரும் இவவை அரைவாசி எண்டு கூப்பிடேலாது.” கேட்டாயா மகனே? இருபத்தேழு வருடம் காத்திருந்தேன் அதற்கு.

இதோடு கடிதத்தை முடித்துவிடலாம். ஆனால் இந்தக் கடிதத்தை என் பெருமைக்காக மட்டும் எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ கிணற்றடியில் நின்று ரிஸ்னாவோடு போனில் கதைத்தது என் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கவில்லை, நீ உன் வாப்பாவைப் போல உரத்துத்தான் கதைப்பாய். அவளுடைய ஆசிரியர் பயிற்சி இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. நீ சொன்னாய், “அதைப் பிறகு பாப்பம். இப்ப கலியாண வேலையைப் பாருங்கோ.” நல்ல குரலில்தான் சொன்னாய். நானும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன், “பிறகு தாறன்” என்று. மகனே, உன் உம்மாவிடமிருந்து நீ எவ்வளவோ நல்லதைப் பழகியிருக்கிறாய், இதைப் பழகாதே. ஒருவர் பாதியில் வைத்திருப்பதை இன்னொருவர் எடுத்துப் பூட்டி வைத்தால், திருப்பிக் கொடுக்கும்போது அது அதே பொருளாக இருக்காது. அவள் முடிக்கட்டும். நீ சோறு வடிக்கப் பழகு, உடுப்புத் தோய்க்கப் பழகு, அவள் படிக்கிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகு. அவள் முடிக்கிற அன்றைக்கு வட்டிலப்பத்தோடு நான் பஸ் ஏறி வருவேன்.

இன்னொன்று. அந்த வீட்டில் முதல் சில மாதம் உனக்கு யார் யாரென்று விளங்காது. எல்லோருக்கும் இரண்டு பெயர் இருக்கும். யார் ஏன் கோபித்தார் என்று தெரியாது. பயப்படாதே, அதற்காகத் திரும்பி உம்மா வீட்டுக்கு ஓடி வந்து முதலிலிருந்து தொடங்கவும் பார்க்காதே. விளங்காத இடத்தைத் தாண்டிப் போ. இந்தப் புத்தி என்னுடையது இல்லை, உன் மனைவியுடையது. அவளிடம் இன்னும் நிறைய இருக்கும், கேட்டுக்கொள்.

புத்தகத்தை உன்னிடமிருந்து பறித்ததற்கு என்னை மன்னித்துக்கொள். முகத்துக்கு நேரே கேட்டால் “பரவாயில்லை உம்மா” என்று சட்டென்று சொல்லிவிடுவாய், அது எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டிய பதில் வேறு. கொப்பியின் அந்தப் பின்பக்கத் தாள்களைக் கிழித்துப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஆரார் எங்கே நின்றார்கள் என்று மறந்துபோனதாகச் சொன்னாயே, எல்லோரும் அதில் வீடு வீடாக இருக்கிறார்கள், ஒருவரும் குறையவில்லை. முடிவு என்ன என்று மட்டும் போன் எடுத்துக் கேட்காதே. வாப்பாவும் நான் வாசிக்கக் கேட்டவர்தான், ஆனால் வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறார். இந்த வீட்டில் உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிவது இதுதான் முதல் தடவை, கொஞ்ச நாள் அனுபவித்துவிட்டுப் போகிறேன். உன் பஸ் டிக்கெட் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. நேமி இன்னும் கையை ஓங்கிக்கொண்டு மழையில் நிற்கிறாள். நான் அவளைத் தாண்டிப் போய்விட்டேன், நீ போய் அவளைக் கதவைத் தட்ட விடு.

உன்னை நேசிக்கும்,
முழுசாக முடித்த உம்மா